முகம் எழுதியவர் பெயர்

பட்டுக்கோட்டையில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் இன்று மணப்பெண் ஒப்பனைக் கலைஞர். முகூர்த்த நாள்களில் பின்னிரவு இரண்டு மணிக்கே பெட்டியுடன் புறப்பட்டுப் பேராவூரணி, முத்துப்பேட்டை வரை சென்று வருகிறார். திரைத்துறையில் வாய்ப்புத் தேட வேண்டித் தாம் செய்த ஒப்பனைகளைப் படத்தொகுப்பாக்கி, முன்னுரை கேட்டு என்னிடம் கொண்டுவந்தார். 'போர்ட்ஃபோலியோ' என்று அத்துறையினர் சொல்வது இதைத்தான். நாற்பது படங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் படமெடுத்த நிலையத்தின் பெயர் இருந்தது. முகத்தை எழுதியவரின் பெயர் ஒன்றில்கூட இல்லை. "இது புதிய குறை அன்று, அம்மா. சிலப்பதிகாரத்திலிருந்தே வருவது" என்றேன். அன்று சொன்னவற்றின் விரிவே இக்கட்டுரை.

காவிரி கடலொடு கலக்கும் புகாரில் நிகழும் கடலாடு காதையை நினைவுகூருங்கள். ஊடியிருக்கும் கோவலனை மகிழ்விக்க மாதவி தன்னை அணிசெய்துகொள்கிறாள். பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீர், நறுநெய், கூந்தலை உலர்த்தும் அகிற்புகை, அதன்பின் கத்தூரிக் குழம்பு, கால்விரல் தொடங்கித் தலைவரை அணிகள் என்று இளங்கோவடிகள் எதையும் விடாமல் சொல்கிறார். ஆனால் அவ்வளவு வினைக்கும் எழுவாய் மாதவி ஒருத்தியே. அருகில் நின்று கூந்தலை உலர்த்திய கை அப்பகுதியில் இல்லை. ஒப்பனை செய்பவளைக் குறிக்க 'வண்ணமகள்' என்ற அழகிய சொல் நம்மிடம் இருந்தது. தொழிலுக்குச் சொல் இருந்தும் தொழில் செய்தவளுக்குப் பெயர் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் 29-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைப் பெயர், முன்பிருந்த ஊர், குடியேறிய தெரு என்று வரிசைப்படுத்துகிறது. ஒருவருக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். கல்லில் ஏறியதால் அவர்கள் பெயர்கள் ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்கின்றன. ஒப்பனையோ இரவு முடிந்ததும் கழுவப்படும் கலை. அதற்குக் கல்லும் இல்லை, ஏடும் இல்லை.

நாடக மேடையிலும் இதே கதைதான். அரிதாரம் என்பது மஞ்சள் நிறக் கனிமம். ஆர்செனிக் கலந்த நஞ்சு. அதை முகத்தில் பூசிப் பூசியே 'அரிதாரம் பூசுதல்' என்பது நடிப்புக்கே மறுபெயராயிற்று. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடத்தையும் சிறுவர்களே ஏற்றனர். தஞ்சைக்கு அருகே மெலட்டூர்ப் பாகவத மேளாவில் பெண் பாத்திரங்களை ஆண்கள் ஏற்று ஆடுவது நெடுநாள் மரபு. அவ்வையாராக நடித்துப் புகழ்பெற்ற டி.கே. சண்முகத்துக்கு 'அவ்வை' என்பதே அடைமொழியாகி நிலைத்தது. ஆண் முகத்தின்மேல் அந்தப் பெண் முகங்களை எழுதியவர்களை யார் நினைக்கிறார்கள்?

திரைப்படம் வந்தபின் பெயர்ப்பட்டியல் வந்தது. 29 வயதிலேயே 1959-இல் மறைந்த கல்யாணசுந்தரம், அப்பட்டியலின் வழியே எங்கள் ஊர்ப் பெயரைத் தமிழகம் முழுவதும் கொண்டுசென்றார். ஒப்பனையாளர் பெயரும் திரையில் ஓடியதுதான். ஆனால் மனத்தில் தங்கவில்லை. எம்.ஜி.ஆரின் ஒப்பனையாளர் பீதாம்பரத்தை, இயக்குநர் பி. வாசுவின் தந்தை என்றால்தான் இன்று பலருக்குத் தெரிகிறது. ஒப்பனைக்கான தேசிய விருதே 2006-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதலில் வழங்கப்பட்டது. ஆஸ்கர் விருதில் ஒப்பனை 1981-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே நிலையான பிரிவானது; சிகையலங்காரம் அப்பிரிவின் பெயரில் சேர்ந்தது 2012-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து.

பெண்களுக்கு இதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. மும்பைத் திரைத்துறையின் ஒப்பனையாளர், சிகையலங்காரர் சங்கம் ஆண்களுக்கே ஒப்பனையாளர் அட்டை வழங்கியது. பெண்ணுக்குக் கூந்தல் வேலை மட்டும். பெண்கள் வந்தால் ஆண்களின் பிழைப்புப் போகும் என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவில் முறையாகப் பயின்று வந்த சாரு குரானாவுக்கும் அட்டை மறுக்கப்பட்டது. கையில் தொகுப்பு இருந்தும் வாசல் திறக்கவில்லை. அவரும் உடன் சிலரும் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2014 நவம்பர் 10 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, யு.யு. லலித் ஆகியோர், பெண்களைத் தடுத்த விதியையும், மகாராட்டிரத்தில் ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும் என்ற விதியையும் செல்லாதவை என்று தீர்த்தனர். 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை என்பதையும் சுட்டினர்.

ஆகவே படத்தொகுப்பை வெறும் விளம்பரம் என்று எண்ணாதீர்கள். கழுவப்படும் கலைக்கு அதுவே கல்வெட்டு. கல்வெட்டுக்கு உரிய ஒழுங்கு அதற்கும் வேண்டும் என்று மாணவியிடம் சொன்னேன். ஒப்பனைக்கு முன்னும் பின்னும் ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்கள் வேண்டும். நாள், ஊர், செலவான நேரம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கணினியில் தோலை மெருகேற்றிய படங்களை நீக்கிவிட வேண்டும். மாநிறமும் கருநிறமும் உள்ள முகங்கள் அதே நிறத்தில் பொலிய வேண்டும். முதிய முகமும் மேடை முகமும் இடம்பெற வேண்டும். மணப்பெண்ணின் இசைவின்றி எந்தப் படமும் கூடாது.

அடுத்த வாரம் திருத்தி எடுத்துவந்தார். நாற்பது படங்கள் பதினெட்டாகக் குறைந்திருந்தன. படமெடுத்தவர் பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் கீழே, 'ஒப்பனையும் கூந்தலும்' என்று எழுதித் தம் பெயரை இட்டிருந்தார். முன்னுரைக்கு அதன்பின் எனக்கு வேலை அதிகமில்லை.