சொல்லப்படாத கதைகளின் வரலாறு: ரொல்கீனின் கையெழுத்துப்படிகள் பற்றிய ஒரு நோக்கு

இலக்கிய வரலாறு பொதுவாக அச்சேறிய நூல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எழுத்தாளன் எழுதி ஒதுக்கியவை, தொடங்கி முடிக்காதவை, பின்னணியாக வகுத்தும் நூலிற் சேர்க்காதவை என்பன பட்டறைக் கழிவுகளாகவே கருதப்பட்டன. யதார்த்த நாவலைப் பொறுத்தவரை இதனாற் பேரிழப்பு இல்லை எனலாம். இலண்டனைக் களமாகக் கொண்டு எழுதுபவன் இலண்டனைப் படைக்க வேண்டியதில்லை. அதிகற்பனைப் புனைகதையாளனோ நிலம், மொழி, அரச வமிசம், காலக்கணக்கு ஆகிய யாவற்றையும் தானே ஆக்கிக்கொள்ள வேண்டியவனாகிறான். ஆதலின் அவனிடத்துச் சொல்லப்பட்டதிலும் சொல்லப்படாததே மிகுதியாகி விடுகின்றது. ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். ரொல்கீனின் (1892-1973) கையெழுத்துப்படிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

இக்கதைகளின் தோற்றுவாய் முதலாம் உலகப் போராகும். 1916 இல் பிரான்சின் சொம் போர்முனையிற் பணியாற்றிய ரொல்கீன், அகழிக் காய்ச்சலுற்று அவ்வாண்டு நவம்பரில் இங்கிலாந்து மீண்டார். பள்ளிக்கால நண்பர் நால்வர் கொண்ட குழுவில் இருவரை அவ்வாண்டே போர் பலிகொண்டது. அந்நோய்க் காலத்தை ஒட்டி எழுதப்பட்டதே 'கொண்டொலினின் வீழ்ச்சி' என்னும் கதை. மலைகளுக்கிடையே மறைந்திருந்த அழகிய நகரொன்று காட்டிக்கொடுக்கப்பட்டு அழிவதை அது கூறுகிறது. அந்நகரைத் தாக்குவனவற்றுள், படைவீரரை வயிற்றுட் சுமந்துவரும் இரும்பு நாகங்களும் உள. போர்த்தாங்கிகள் முதன்முதலிற் களமிறக்கப்பட்டது 1916 செப்டெம்பரில், அதே சொம் முனையிலேயே என்பது மனங்கொளத்தக்கது. அதிகற்பனை இலக்கியம் வாழ்க்கையினின்றும் தப்பியோடுவது என்ற கூற்றை இவ்வொரு கதையே மறுத்து நிற்கின்றது.

இக்கதைத் தொகுதி 'சில்மறில்லியன்' என்னும் பெயரில் வளர்ந்தது. 1937 இல் 'த ஹொபிற்' வெற்றிபெற்றதும், ரொல்கீன் இத்தொகுதியின் பகுதிகளை அலன் அன்ட் அன்வின் பதிப்பகத்தாருக்கு அனுப்பினார். அவர்கள் அதனை ஏற்கவில்லை. ஹொபிற்றுகளைப் பற்றிய மற்றொரு கதையையே வேண்டினர். அவ்வாண்டு டிசெம்பரில் தொடங்கிய அக்கதையே 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த 'த லோர்ட் ஒவ் த றிங்ஸ்' ஆகும். இரண்டையும் ஒருங்கே வெளியிட அவர் இடையில் வேறொரு பதிப்பகத்துடன் நடத்திய முயற்சியும் கைகூடவில்லை.

எனினும், மறுக்கப்பட்ட அத்தொகுதி வீணாகிவிடவில்லை. அச்சேறிய நாவலின் ஆழம் முழுவதும் அச்சேறாத இக்கதைகளிலேயே தங்கியுள்ளது. பாத்திரங்கள் பழைய காதலர் பற்றியும் அழிந்த அரசுகள் பற்றியும் போகிறபோக்கிற் குறிப்பிடும்போது, அவற்றின் பின்னே உண்மையான வரலாறொன்று உண்டு என்ற உணர்வு வாசகனுக்கு எழுகிறது. பெரும்பாலும் அத்தகைய வரலாறு ஆசிரியரின் கோப்புகளில் இருக்கவே செய்தது. விதிவிலக்கும் உண்டு. நாவலில் அரகோர்ன் பெறூதியல் அரசியின் பூனைகளைக் குறிப்பிடுகிறான். அவற்றைப் பற்றித் தமக்கே எதுவும் தெரியாதென்று 1955 இல் ரொல்கீன் கடிதமொன்றில் ஒப்புக்கொண்டார். பின்னரே அவ்வரசிக்கு ஒரு கதைச் சுருக்கத்தை வகுத்தார். குறிப்பு முன்னதாகவும் கதை பின்னதாகவும் தோன்றிய விந்தை இது.

தூரத்து மலைபோலத் தோன்றும் பின்னணியை அணுகிக் காட்டினால் அதன் கவர்ச்சி குன்றும் என்பதை ரொல்கீன் உணர்ந்திருந்தார். 1955 இன் பின்னர், தட்டையாகப் படைத்த உலகை உருண்டையாக மாற்றவும், ஞாயிறும் திங்களும் தொடக்கத்திலேயே இருந்தனவெனத் திருத்தவும் முனைந்தார். அவ்வாறு திருத்தின் பழைய கதைகள் பல அடித்தளமிழக்கும். திருத்தாதுவிடின் அவர் அறிவு ஏற்காது. இம்முரண் தீராமலே 1973 இல் அவர் மறைந்தார். முதலிற் பிறந்த கொண்டொலின் கதைக்கு நேர்ந்தது இன்னும் துயரமானது. 1950களின் தொடக்கத்தில் அதனை விரிவாக மீள எழுதப் புகுந்தவர், கதைத்தலைவன் துவோர் அந்நகரை முதன்முறை காணும் இடத்தில் நிறுத்திவிட்டார். நகரின் வீழ்ச்சி மீண்டும் விரித்துரைக்கப்படவேயில்லை.

தந்தை விட்டதை மகன் கிறிஸ்ரோபர் தொடர்ந்தார். இளைஞரான கை கவ்ரியல் கேயின் துணையுடன், முரண்பட்ட படிகளிலிருந்து ஒரே சீரான பாடத்தை உருவாக்கி 1977 இல் 'த சில்மறில்லியன்' நூலை வெளியிட்டார். அதில் டோறியாத் அரசின் அழிவைக் கூறும் அத்தியாயம் பெரும்பாலும் பதிப்பித்தோராலேயே ஆக்கப்பட்டதாகும். ஒரு பதிப்பாசிரியனுக்குரிய எல்லையை ஆங்கு மீறிவிட்டதாகக் கிறிஸ்ரோபரே பின்னர் கருதினார். அதனாற் போலும், 1983 முதல் 1996 வரை பன்னிரு தொகுதிகளில், வேறுபட்ட படிகளை வேறுபாடு மறையாமலே, உரிய விளக்கங்களுடன் அச்சிட்டார். 2018 இல் கொண்டொலின் கதையும் அவ்வாறே தனிநூலாயிற்று. 2020 இல் அவர் காலமானார்.

இவ்விரு பதிப்பு முறைகளுள் எது சிறந்தது என்பதே ஈண்டு எழும் வினா. முதலாவது முறை வாசகருக்கு ஒரு நூலைத் தந்தது. ஆயின், ஆசிரியர் ஒருபோதும் எடுக்காத முடிவுகளை அவர்மேல் ஏற்றியது. இரண்டாவது முறை வாசிப்பை வருத்துவதாயினும், ஒரு மனிதர் அறுபது ஆண்டுகளாகத் தயங்கியும் திருத்தியும் கைவிட்டும் உழைத்ததை உள்ளவாறே காட்டியது. சொல்லப்படாத கதை இன்று வணிகப் பொருளுமாகிவிட்டது. 2022 இல் வெளிவந்த தொலைக்காட்சித் தொடரொன்று, சில்மறில்லியனுக்கான உரிமை இன்மையால், பெரிதும் நாவலின் பிற்சேர்க்கைக் குறிப்புகளையே ஆதாரமாகக் கொண்டு இடைவெளிகளைத் தானே நிரப்பிற்று. இத்தகைய நிரப்பல்கள் பெருகுங் காலத்தில், எது ஆசிரியர் எழுதியது, எது பிறர் இட்டு நிரப்பியது என்று வேறுபடுத்தி அறிதற்கு அப்பன்னிரு தொகுதிகளே அளவுகோலாக உள்ளன. முடிவுறாததை முடிவுறாததாகவே பேணுதலும் இலக்கியத் தொண்டேயாகும்.