துளைப்புத் திரவம் (எண்ணெய்க் கிணறு)

எண்ணெய்க் கிணறு தோண்டுகையில், குழாயின் வழியே கீழே செலுத்தப்பெற்று, துரப்பண முனையில் வெளிப்பட்டு, அங்கே அரைபட்ட கற்றூளைச் சுமந்தவாறு குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையேயுள்ள வெளியில் மேலேறி வரும் குழம்பு துளைப்புத் திரவம் எனப்படும். துரப்பண மேடையில் இதனை ‘மட்’ என்றே வழங்குவர். முனையைக் குளிர்வித்தல், சுவர் சரியாது தாங்குதல், பூமிக்குள் அடைபட்ட வாயுவும் எண்ணெயும் பீறிட்டெழாதவாறு தன் கனத்தால் அமுக்குதல் ஆகியனவும் இதன் காரியங்களாம். தோண்டி முடித்த கிணற்றை உற்பத்திக்கு ஆயத்தம் செய்யும்போது நிரப்பப்படுவது நிறைவுத் திரவம்.

சரித்திரம்: ஆதியில் வெறும் நீரே பயன்பட்டது. அமெரிக்காவின் டெக்ஸஸ் பிரதேசத்தில், 1901 ஜனவரி 10ஆம் தேதி எண்ணெய் பீறிட்ட ஸ்பிண்டில்டாப் கிணற்றைத் தோண்டியோர், சரிந்துகொண்டேயிருந்த மணலை நிறுத்தச் சேற்று நீரைப் பிரயோகித்தனர். குட்டையில் மாடுகளை ஓட்டி அச்சேற்றைக் கலக்கினர் என்பது வழிவழி வழங்கும் கதை. நீரைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட கனமுள்ள பேரைட்ஸ் தூளைக் கலக்கும் முறை 1920களில் தோன்றியது. 3,000 மீட்டர் ஆழத்தில் நீர்த்தம்பம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 300 கிலோகிராம் அழுத்தம் தரும். குழம்பின் அடர்த்தியை நீரினதைப்போல் ஒன்றரை மடங்காக்கினால் அது 450 ஆகும்.

இந்தியாவில்: எண்ணெய், இயற்கை வாயு ஆணையம் (ஓ.என்.ஜி.சி.) 1956இல் ஏற்பட்டது. காவிரிப் படுகையின் முதல் ஆழ்கிணறு 1964இல் காரைக்காலில் தோண்டப்பெற்றது. 1980களில் அப்படுகையின் நரிமணத்தில் எண்ணெய் கிட்டவே, 1993இல் நாகப்பட்டினத்தருகே சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. குழம்புக்கு வேண்டிய பெண்டோனைட் களிமண் கட்ச், பார்மேர் பகுதிகளிலும், பேரைட்ஸ் ஆந்திரத்தின் மங்கம்பேட்டையிலும் கிடைக்கின்றன. மங்கம்பேட்டைப் பேரைட்ஸ் சென்னைத் துறைமுகத்தின் வழியே பிற நாடுகளுக்கும் செல்கிறது. சென்னையில், ராஜா அண்ணாமலைபுரத்துப் பசுமைவழிச்சாலை முதலிய இடங்களில் மெட்ரோ சுரங்க நிலையங்களுக்குச் சுவர் எழுப்பத் தோண்டிய பள்ளங்களைச் சரியாமல் நிறுத்தியதும் இப்பெண்டோனைட்டுக் குழம்பே.

நீர் பட்டால் பருத்துச் சரியும் களிப்பாறைகளுக்கென்று பொட்டாசியம் குளோரைடும் பாலிமர்களும் கலந்த குழம்புகளும், டீசல் எண்ணெயை ஆதாரமாகக் கொண்டவையும் தோன்றின. அழுத்தம் கைமீறினால் விளையும் விபரீதத்தை, 1995இல் கோதாவரிப் பகுதியின் பாசர்லபூடியில் 65 நாள் எரிந்த கிணறு காட்டிற்று. மெக்ஸிகோ வளைகுடாவில், 2010 ஏப்ரல் 20ஆம் தேதி, அடியிலிருந்த சிமெண்ட் அடைப்பு பிடிக்காததை உணராமல், கனமான குழம்பை அகற்றிக் கடல்நீரை நிரப்பிய வேளையில் கிணறு வெடித்து 11 பேர் மாண்டனர்.

நிறைவுத் திரவம்: கிணற்றைக் காக்கும் பேரைட்ஸ் தூளே, எண்ணெய் ஊறும் மணற்பாறையின் நுண்டுளைகளுள் புகுந்தால் அவற்றை அடைத்து ஊற்றைக் கெடுத்துவிடும். ஆகவே திண்பொருள் கலவாத, வடிகட்டிய உப்புக் கரைசல்கள் இப்பணிக்கு வந்தன. கால்சியம் குளோரைடு ஏறத்தாழ 1.4 அடர்த்தி வரையிலும், துத்தநாக புரோமைடு கலந்தவை 2.3 வரையிலும் எட்டும். பின்னது அரிக்கும் இயல்பும் நஞ்சும் உடையது. சீசியம் ஃபார்மேட் அத்தீமை குறைந்ததாயினும் விலை மிகுந்தது.

எதிர்காலம்: மார்ஷ் என்பவர் 1931இல் வகுத்த புனலில் குழம்பு வடியும் நேரத்தை எண்ணிப் பாகு பார்க்கும் வழக்கம் இன்றும் நீடிப்பினும், கனத்தையும் பாகையும் இடைவிடாது அளக்கும் தானியங்கிக் கருவிகள் பரவி வருகின்றன. களிப்பாறையின் நுண்டுளைகளை நானோ துகள்களால் அடைத்து, டீசலின் துணையின்றி நீர்க்குழம்பையே போதுமாக்கும் ஆராய்ச்சியும் நடைபெறுகிறது.

தமிழ்நாட்டிற்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020இல் காவிரி டெல்டாவில் புதிய எண்ணெய்த் துரப்பணத்தைத் தடை செய்தமையால், அப்பிரதேச நிலப்பகுதியில் எஞ்சியது பழைய கிணறுகளைப் பழுதுபார்த்து நடத்தும் பணியே. பல ஆண்டு எண்ணெய் கொடுத்து அழுத்தம் தாழ்ந்த அடுக்குகளில், வெறும் நீரே கனமாகி உள்ளிறங்கி ஊற்றை மறித்துவிடக்கூடும். அதனால் நூறாண்டுக் காலமாகக் கனம் கூட்டுவதில் முனைந்திருந்த இத்துறை, இங்கே நுரையும் எண்ணெய்க் குழம்பும் போன்ற இலேசான திரவங்களை நாட வேண்டியதாகிறது. வயலுக்கு நடுவே நிற்கும் கிணற்றில் பயன்பட்ட குழம்பை மண்ணிலும் வாய்க்காலிலும் கலவாது சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துதலும், கனம், பாகு ஆகியவற்றோடு ஒப்ப, திரவத்தின் தகுதியை நிர்ணயிக்கும் அளவுகோலாக வேண்டும்.