சுமந்தவரும் சொன்னவரும்: மலைபடுகடாம் முதல் நெய்வேலி மண்குன்றுகள் வரை

முன்னுரை

மலையேற்றத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1786ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். மருத்துவர் மிஷேல் பக்கார்டும் அவருடன் சென்ற ஜாக் பால்மாவும் மோன் பிளான் சிகரத்தை அடைந்த ஆண்டு அது. 1857இல் இலண்டனில் ஆல்பைன் கழகம் தோன்றியபின் மலையேற்றமும் அதுபற்றிய எழுத்தும் ஒருங்கே வளர்ந்தன. இதனால் மலைமீதான விருப்பம் ஐரோப்பிய நவீனத்தின் பேறு என்னும் கருத்து நிலைபெற்றது. குறிஞ்சித்திணைப் பாடல்களைக் காட்டி அக்கருத்தை மறுப்பது தமிழாய்வில் வழக்கம். எனினும், காலத்தால் முந்தியது எது என்று காண்பதோடு ஒப்பீடு நிறைவுறுவதில்லை. மலையைப் பற்றிச் சொன்னவர் யார், அவருக்கும் சுமை தூக்கியவருக்கும் உள்ள உறவு யாது என்னும் வினாக்களை இக்கட்டுரை முன்வைக்கிறது. மலைபடுகடாம், ஐரோப்பியர் மலையேற்றப் பதிவுகள், நெய்வேலிச் சமவெளியில் மனித உழைப்பால் எழுந்த மண்குன்றுகள் ஆகிய மூன்றும் இவ்வினாவின்வழி நோக்கப்பெறுகின்றன.

மலைபடுகடாம்: வழியறிந்தோர் கூற்று

பத்துப்பாட்டுள் இறுதியாக அமைந்த மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இந்நூலின் பாட்டுடைத் தலைவன் செங்கண்மாத்து வேள் நன்னன்சேய் நன்னன். செங்கண்மா இன்று திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள செங்கம் ஆகும். உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்த 1889ஆம் ஆண்டு முதல் இந்நூல் அச்சில் கிடைக்கிறது.

கூத்தராற்றுப்படை என்றும் பெயர்பெற்ற இந்நூலில், நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தர் குழுவுக்கு வழி கூறுகிறான். கேட்போர் பொழுதுபோக்குக்காக மலையேறுவோர் அல்லர். முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு முதலிய இசைக்கருவிகளைப் பையிலிட்டுத் தாமே சுமந்து, பிழைப்புக்காக நடக்கும் கலைஞர்கள். உடன் வரும் விறலியரின் அடிகள் கல்லில் தேய்ந்து, இளைத்த நாயின் நாவைப்போல் இருந்தன என்று புலவர் கூறுகிறார். மலையின் உயரத்தைப் புகழ்வதற்கு முன்பே நடந்த கால்களின் வருத்தம் பாட்டில் இடம்பெற்றுவிடுகிறது.

வழிகாட்டும் பகுதி நுட்பமான நடைமுறைக் குறிப்புகளால் ஆனது. தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உள்ளமையால் விடிந்தபின் செல்லவேண்டும். யானையை விரட்டக் கானவர் கவணால் எறியும் கற்களுக்கு ஒதுங்கவேண்டும். பாம்பு உறையும் குழிகளையும் பாசி படர்ந்த வழுக்கு நிலத்தையும் அறிந்து நடக்கவேண்டும். இருள் வந்தால் குகையில் தங்கலாம். குறவர் குடியை அடைந்தால் விருந்து உண்டு. அருவி, விலங்குகள், காயமுற்றோர், தேனெடுப்போர், உலக்கைப்பாட்டுப் பாடும் மகளிர் எனப் பலவகை ஒலிகளும் தொகுத்துக் கூறப்பெறுகின்றன. யானையாக உருவகிக்கப்பெற்ற மலையில் பிறக்கும் அவ்வோசையே நூலின் பெயருக்குக் காரணமாயிற்று.

இங்குச் சொல்பவன் அவ்வழியே நடந்தவன், சுமந்தவனும் அவனே. சொல்லின் நோக்கம் தன் அருஞ்செயலை நிறுவுவதன்று. அடுத்து வருவோர் ஊறின்றிச் சென்று சேரவேண்டும் என்பதாகும். புனங்காப்போர், குறவர் ஆகிய மலைவாழ் மக்களும் பெயரில்லாத பின்னணியாக நில்லாமல், இடர் தருவோராகவும் உணவு தருவோராகவும் வழியைத் தீர்மானிக்கின்றனர். புலவர் ஒருவர் கூத்தனின் வாய்மொழியாக இதனைப் புனைந்துள்ளார் என்பது உண்மையே. ஆயினும், மலையைப் பற்றிப் பேசும் தகுதி நடந்தவனுக்கே உரியது என்னும் இலக்கிய மரபு இதில் தெளிவாகிறது.

'பதிவான முதல் ஏற்றம்'

ஐரோப்பியப் பதிவுகளில் இவ்வமைப்பு மாறுகிறது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் 'பதிவான முதல் ஏற்றம்' 1862இல் சென்னைப் படை அதிகாரி டக்ளஸ் ஹாமில்டனுக்கு உரியதாகக் கூறப்பெறுகிறது. அவருடைய தென்னிந்திய வேட்டைப் பதிவுகள் 1892இல் நூலாக வெளிவந்தன. 'பதிவான' என்னும் அடைமொழி இங்குக் கருதத்தக்கது. அம்மலைத்தொடரில் வாழ்ந்த முதுவர் முதலிய மக்கள் முன்பே ஏறியிருக்கக்கூடும் என்பதை அது மறுக்கவில்லை. அவ்வேற்றம் எழுத்தில் இல்லாமையால் வரலாறாகவில்லை என்பதையே உணர்த்துகிறது.

இப்பிளவு இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1953 மே 29இல் எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நார்கேயும் எவரெஸ்ட்டை அடைந்தனர். குழுத் தலைவர் ஜான் ஹண்ட்டின் நூல் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. எழுதப் பழகாத டென்சிங்கின் வரலாறோ, அவர் சொல்ல அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ராம்சே உல்மன் எழுதி, 1955இல் நூலாயிற்று. சுமை தூக்குபவராகத் தொடங்கிச் சிகரம் தொட்டவரின் சொல்லும் பிறர் எழுத்தின் வழியாகவே உலகை அடைந்தது.

நெய்வேலி: ஆக்கப்பட்ட குன்றுகள்

கடலூர் மாவட்டத்து நெய்வேலி, மலைகள் இல்லாத சமவெளி. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. படுகையை அடைய அதன்மேலுள்ள மண்ணையும் கடலூர் மணற்கல்லையும் அகற்றவேண்டியிருந்தது. வாளிச்சக்கர எந்திரங்கள் அகழ்ந்து, கன்வேயர் பெல்ட்டுகள் சுமந்து கொட்டிய மேல்மண், குன்றுகளாக உயர்ந்தது. பின்னர் அவற்றின் சரிவுகளில் மரங்கள் நடப்பெற்றன.

இக்குன்றுகளைத் திணை இலக்கணம் அறியாது. மலையேற்ற வரலாறும் கணக்கில் கொள்ளாது. தொழில்துறை ஆவணங்களில் அவை கன மீட்டர் அளவுகளாகவே இடம்பெறும். மலைபடுகடாம் காட்டும் முறையில் நோக்கினால் கேட்கவேண்டியவை வேறு. எந்த ஊரார் விட்டுச்சென்ற நிலத்தின் மண் இது? மழைக்காலத்தில் எந்தச் சரிவு வழுக்கும்? இரவுப் பணியில் அங்குக் கேட்ட ஓசைகள் யாவை? அவற்றுக்கு விடை கூறத்தக்கோர் நிலம் கொடுத்த குடியினரும், நிரந்தரத் தொழிலாளரும், ஒப்பந்தத் தொழிலாளரும் ஆவர். முதல் தலைமுறைத் தொழிலாளர் முதுமையடைந்துள்ள நிலையில், அவர்தம் வாய்மொழியைத் தொகுப்பது காலந்தாழ்த்தக்கூடாத வரலாற்றுப் பணியாகும்.

முடிவுரை

மலைபடுகடாம் மலையழகைப் பாடிய பழைய நூல் என்பதோடு அமையாது, மலைப்பதிவை எவ்வாறு எழுதவேண்டும் என்பதற்கான ஓர் அளவுகோலையும் தருகிறது. உச்சியை அடைந்தவர் பெயரை மட்டும் பதியும் வரலாறு, உயரத்தையும் நாளையும் தரும். சுமந்தவரின் சொல்லைப் பதியும் வரலாறு, வழியைத் தரும். ஆனைமுடிக்கும் எவரெஸ்ட்டுக்கும் காலந்தாழ்ந்து எழுந்த இவ்வினா, நெய்வேலிக் குன்றுகளைப் பொறுத்தவரை இன்னும் உரிய காலத்திலேயே எழுப்பப்படலாம். அவற்றை ஆக்கியோர் பலர் இன்றும் அவற்றின் அடிவாரத்தில் வாழ்கின்றனர்.