கடல் கடந்த மாணவனும் சாப்பாட்டு மேசையும்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிள்ளை ஊர் ஏக்கத்தில் வாடினால், மனதைத் திடப்படுத்திக்கொள், அந்த ஊர் வழக்கத்துக்கு மாறிக்கொள் என்றே பெரியவர்கள் சொல்கிறார்கள். ஏக்கம் அவனுடைய பலவீனம், அதை வெல்வது அவன் ஒருவனுடைய பொறுப்பு என்ற எண்ணம் இந்தப் புத்திமதிக்குள் இருக்கிறது. இங்கிலாந்துக்குப் படிக்கப் போன முதல் தலைமுறைகளின் வரலாறு இதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்கிறது. அங்கே கால் ஊன்றியவர்களைத் தாங்கியது நம்பி உட்காரக்கூடிய ஒரு சாப்பாட்டு மேசையும் அதைச் சுற்றி அமைந்த கூட்டமும்தான். அது கிடைக்காதவர்கள் எவ்வளவு பெரிய மேதைகளாக இருந்தாலும் தளர்ந்தார்கள்.

காந்தி 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் கப்பலேறியபோது அவருக்குப் 19 வயதுகூட நிறையவில்லை. லண்டனில் தாயை நினைத்து இரவெல்லாம் அழுததைச் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். புலால் தொடுவதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கினால், தங்கிய வீடுகளில் அரை வயிறுதான். மாறிக்கொள்ளவும் அவர் முயலாமல் இல்லை. பட்டுத் தொப்பி, நடன வகுப்பு, வயலின், பிரெஞ்சு என்று சில மாதங்கள் ஆங்கிலேய கனவானாக முயன்று கைவிட்டார். அவரை நிலைநிறுத்தியது ஃபாரிங்டன் தெருவில் கண்ட சைவ உணவகம். இங்கிலாந்து வந்தபின் மனம் நிறைந்து உண்ட முதல் சாப்பாடு அதுவே என்கிறார். அங்கேயே ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவு நூலையும் வாங்கினார். 1890இல் லண்டன் சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். ஆங்கிலேய நண்பர்கள் அவருக்கு அந்த மேசை வழியாகவே கிடைத்தார்கள்.

கணித மேதை ராமானுஜனுக்கு அந்த மேசை கிடைக்கவில்லை. 1914 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் வந்தார். ஆகஸ்டில் போர் மூண்டது. அவர் சேர்ந்த டிரினிட்டி கல்லூரியில் நட்பு வளரும் இடம் உணவுக்கூடம். சைவம் என்று பரிமாறுவதிலும் விலங்குக் கொழுப்பு கலந்திருக்குமோ என்ற ஐயத்தால் அவர் அங்கே போகாமல் அறையிலேயே சமைத்தார். கொட்டை எடுத்த புளியும் நல்ல தேங்காயெண்ணெயும் பார்சலில் அனுப்பும்படி ஊருக்கு எழுதினார். இரவில் குளிர் தாங்காமல் மேலங்கியும் சால்வையும் போர்த்திப் படுத்திருந்தார். படுக்கையில் செருகி வைத்திருந்த கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவர், கேம்பிரிட்ஜின் வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர் மகலனோபிஸ். இதைச் சொல்லித்தர அந்தப் பெரிய கல்லூரியில் யாரும் இருக்கவில்லை என்பது நெஞ்சை உறுத்துகிறது. ஊரிலோ மனைவி ஜானகியின் கடிதங்களை மாமியார் மடக்கிக்கொண்டிருந்தார். 1917இல் ராமானுஜன் நோயில் விழுந்தார். 1918இன் தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் பாதையில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார்.

அவரைச் சாய்த்தது நோய்தானே, ஏக்கமல்லவே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அன்று கருதியதுபோல் அது காசநோய் அல்ல, இந்தியாவிலேயே தொற்றிய அமீபாவால் வந்த கல்லீரல் நோயாக இருக்கலாம் என்று 1994இல் ஓர் ஆய்வாளர் வாதிட்டார். அது சரியென்றால் தனிமை நோயைத் தரவில்லை. ஆனால் நோயாளிக்கு வேளைக்குச் சோறு, பக்கத்தில் ஆள், மனம்விட்டுப் பேச ஒருவர் என்ற மூன்றும் வேண்டும். தனிமை அவரிடமிருந்து பறித்தவை அவைதாம்.

இன்னொரு மறுப்பும் உண்டு. நம்மவர்கள் நம்மவர்களோடே கூடியிருந்தால் அந்த நாட்டோடு ஒட்டமாட்டார்கள் என்பார்கள். அன்றைய அரசோ இன்னும் மேலே போய், கூட்டம் கூடினாலே ராஜத்துரோகம் என்று அஞ்சியது. ஷ்யாம்ஜி கிருஷ்ணவர்மா 1905இல் ஹைகேட்டில் தொடங்கிய இந்தியா ஹவுஸ் மாணவர் விடுதிதான். சாவர்க்கரும் நம் வ.வே.சு. ஐயரும் கூடிய அந்த வீடு புரட்சிக் களமானது. 1909 ஜூலை 1 அன்று அங்கே பழகிய மதன்லால் திங்ரா ஆங்கிலேய அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டபின் அது மூடப்பட்டது. அடுத்த ஆண்டே குரோம்வெல் சாலை 21ஆம் எண் கட்டடத்தில் அரசின் ஆதரவோடு மாணவர்களுக்கு ஓர் இடம் திறக்கப்பட்டது. தங்க இடமும் வழிகாட்ட ஆளும் இருந்தும், உளவு பார்க்கும் இடம் என்று சந்தேகித்துப் பல மாணவர்கள் ஒதுங்கினார்கள். ஆகவே மேசை மட்டும் இருந்தால் போதாது. அது யாருடையது என்பதும் மாணவனுக்கு முக்கியம்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் சேலத்தில் பிறந்த கே.டி. பால். இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தலைவர்களில் ஒருவரான அவரது முயற்சியால் 1920இல் லண்டனில் இந்திய மாணவர் சங்கமும் விடுதியும் தொடங்கின. எல்லா மதத்து மாணவர்களுக்கும் இடமளித்து இந்தியர்களே நடத்திய அந்த இடத்துக்கு ஆங்கிலேயரும் வந்து பேசினார்கள். கூடியிருந்தால் ஒட்டமாட்டார்கள் என்ற வாதத்துக்கு அதுவே பதில். காலூன்ற சொந்த இடம் இருந்தவர்களே கதவைத் திறந்து அயலாரை அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்த விடுதிமீது குண்டு விழுந்தது. போருக்குப்பின் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. அதன் சாப்பாட்டுக்கூடத்தில் இன்றும் யார் வேண்டுமானாலும் போய்ச் சாப்பிடலாம்.