குமரி முனையில் மார்ட்டின் லூதர் கிங்: இரு உரிமைப் போராட்டங்களின் வரலாறு

மார்ட்டின் லூதர் கிங் (1929–1968) அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்தை அறவழியில் நடத்திய தலைவர் ஆவார். 1959ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அவர் இந்தியாவில் பயணம் செய்தார். அப்பயணத்தின்போது பிப்ரவரி 22 அன்று திருவனந்தபுரத்திற்கு வந்து, அங்கிருந்து கன்னியாகுமரிக்கும் சென்றார். காந்தியடிகளின் நாட்டைக் காண வந்த அவர், காந்தியடிகளின் வழியில் தீண்டாமையை எதிர்த்துப் பல போராட்டங்கள் நடந்த ஒரு மண்ணில் நின்றார் என்பது பலரும் அறியாத செய்தியாகும். குமரி மாவட்டத்தின் சமூக வரலாற்றையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றையும் இக்கட்டுரை ஒருசேர நோக்குகிறது.

அடிமை ஒழிப்பும் அதன் பின்னரும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின் பகுதியாகவும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாகவும் இருந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855ஆம் ஆண்டு அரச ஆணையால் ஒழிக்கப்பட்டது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் அடிமை முறை முடிவுக்கு வந்தது. இரண்டுக்கும் இடையே பத்து ஆண்டுகளே இடைவெளி.

ஆனால் விலைக்கு வாங்கவும் விற்கவும் முடியாது என்ற சட்டம் மட்டும் ஒரு மனிதனைச் சமமானவன் ஆக்கிவிடவில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பள்ளி, பேருந்து, உணவகம், குடிநீர்க் குழாய் என எல்லாவற்றிலும் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்று 1896இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமே இதற்கு ஒப்புதல் அளித்தது. திருவிதாங்கூரிலோ சாலை, கிணறு, கோயில், உடை ஆகியவற்றில் சாதியின் பெயரால் விலக்கு நிலவியது. அங்கே தோலின் நிறம், இங்கே பிறந்த குடி. காரணம் வேறு, விலக்கி வைக்கும் முறை ஒன்றே.

தோள்சீலைப் போராட்டம்

குமரி மண்ணில் இவ்விலக்கை எதிர்த்து எழுந்த முதல் பெரும் போராட்டம் தோள்சீலைப் போராட்டம் ஆகும். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியக் கூடாது என்பது அக்கால வழக்கம். மேல்சாதியினர் முன் மேலாடையின்றி நிற்பதே மரியாதை என்று கருதப்பட்டது. கிறித்தவம் தழுவிய நாடார் பெண்கள் குப்பாயம் எனப்பட்ட மேற்சட்டை அணிய, திருவிதாங்கூரின் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில் அனுமதி கிடைத்தது. பெண்கள் அதனுடன் நிறைவடையவில்லை. மேல்சாதிப் பெண்களைப் போலவே தோள்சீலையும் அணியத் தொடங்கினர்.

1822 முதல் கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் இப்பெண்கள் தாக்கப்பட்டனர். சந்தைகளிலும் சாலைகளிலும் அவர்களுடைய ஆடைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிக்கூடங்களும் ஆலயங்களும் தீக்கிரையாயின. இன்றைய புதுக்கடை, மார்த்தாண்டம், குழித்துறை ஆகிய ஊர்கள் பழைய விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்தவை. 1829ஆம் ஆண்டு அரச ஆணை தோள்சீலையை மீண்டும் தடை செய்தது. 1858, 1859ஆம் ஆண்டுகளில் கலவரம் மறுபடி மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் வற்புறுத்தியதை அடுத்து, 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா புதிய ஆணை வெளியிட்டார். எந்தச் சமயத்தைச் சேர்ந்த நாடார் பெண்ணும் மார்பை மறைக்கலாம் என்று அது கூறியது. ஆயினும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் அதிலேயே இருந்தது. உரிமையைத் தரும்போதும் வேறுபாட்டைக் கைவிட மனமில்லாத ஆணை அது.

இதே காலத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) வேறொரு வழியைக் காட்டினார். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகையுடன் வழிபட வரச் செய்தார். எல்லாரும் நீர் எடுக்கும் பொதுக் கிணற்றை ஏற்படுத்தினார். எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் முறையையும் கொண்டுவந்தார். இதற்காகத் திருவனந்தபுரத்தில் சிறையும் சென்றார்.

வைக்கமும் சுசீந்திரமும்

இருபதாம் நூற்றாண்டில் போராட்டம் சாலைக்கு வந்தது. வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் ஒடுக்கப்பட்டோர் நடக்கக் கூடாது என்று பலகை வைக்கப்பட்டிருந்தது. 1924 மார்ச் 30 அன்று குஞ்ஞாப்பி, பாகுலேயன், கோவிந்த பணிக்கர் ஆகிய மூவர் அப்பலகையைக் கடந்து செல்ல முயன்று கைதாயினர். மூவரும் வெவ்வேறு சாதியினர். டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனன் முதலிய தலைவர்கள் சிறை சென்றபின், தமிழகத்திலிருந்து ஈ.வெ. ராமசாமி வந்து போராட்டத்தை முன்னெடுத்து இருமுறை சிறைப்பட்டார். அவருடைய மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் போராட்டத்தில் பங்கேற்றனர். அரசு பின்னர் கைது செய்வதை நிறுத்திவிட்டுச் சாலைக்குக் குறுக்கே தடுப்பு அமைத்தது. தொண்டர்கள் அதன் முன்னே வெயிலிலும் மழையிலும் நின்றனர். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போதும் அவர்கள் தண்ணீரில் நின்றபடியே சத்தியாக்கிரகத்தைத் தொடர்ந்தனர்.

அவ்வாண்டு நவம்பரில் மேல்சாதியினரே ஒடுக்கப்பட்டோருக்காக நடைப்பயணம் மேற்கொண்டனர். வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் ஓர் அணியும், தெற்கே நாகர்கோவில் பகுதியிலிருந்து மருத்துவர் எம்.இ. நாயுடு தலைமையில் மற்றோர் அணியும் திருவனந்தபுரம் சென்றன. 25,000க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஆட்சிப் பொறுப்பிலிருந்த மகாராணி சேதுலட்சுமி பாயிடம் அளிக்கப்பட்டது. ஆனால் 1925 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் சாலைகளைத் திறக்கும் தீர்மானம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. காந்தியடிகள் மார்ச் மாதம் நேரில் வந்து பேச்சு நடத்தினார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது, கோயிலைச் சுற்றியுள்ள நான்கு சாலைகளில் மூன்று எல்லாருக்கும் திறக்கப்பட்டன.

வைக்கத்தில் பயின்ற பாடத்தை எம்.இ. நாயுடு தம் சொந்த ஊர்ப் பகுதியில் செயல்படுத்தினார். நாஞ்சில் நாட்டின் புகழ்பெற்ற சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அது 1930இல் மீண்டும் நடத்தப்பட்டது. வைக்கத்தைப் போல இது பாடநூல்களில் பேசப்படுவதில்லை. எனினும் குமரி மாவட்டத்தின் சொந்தச் சத்தியாக்கிரகம் இதுவே.

காந்தியடிகளின் இரு வருகைகள்

1925இல் காந்தியடிகள் கன்னியாகுமரி கோயிலுக்குச் சென்றபோது, கடல் கடந்து இங்கிலாந்து போய் வந்தவர் என்ற காரணத்தால் அவரே உட்பகுதிக்குள் அனுமதிக்கப்படவில்லை. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலய நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டார். அதன்படி அரசின் கட்டுப்பாட்டில் இருந்த கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. இரண்டு மாதம் கழித்து, 1937 ஜனவரியில் காந்தியடிகள் மீண்டும் வந்தார். இம்முறை ஒடுக்கப்பட்ட மக்களோடு சேர்ந்து கோயில்களுக்குள் சென்றார்.

பிரகடனம் வெளியான அதே 1936இல், பிப்ரவரி மாதம், அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் பர்தோலியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அகிம்சையின் கலப்பற்ற செய்தி கறுப்பின மக்கள் வழியாகவே உலகுக்குக் கிடைக்கக்கூடும் என்று காந்தியடிகள் அவரிடம் கூறினார்.

மாண்ட்கோமரி

1955 டிசம்பர் 1 அன்று அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில், பேருந்தில் வெள்ளையர் ஒருவருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். டிசம்பர் 5 முதல் கறுப்பின மக்கள் நகரப் பேருந்துகளைப் புறக்கணித்தனர். போராட்டத் தலைமை 26 வயது இளம் போதகரான கிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. பேருந்துப் பயணிகளில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவரே. அவர்கள் வேலைக்கு நடந்து சென்றனர். கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிச் சென்றனர். ஜூலியட் மார்கன் என்ற வெள்ளையினப் பெண் நூலகர், புறக்கணிப்பு தொடங்கிய ஒரு வாரத்திலேயே உள்ளூர் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் காந்தியடிகளின் உப்புச் சத்தியாக்கிரகத்தோடு ஒப்பிட்டார்.

1956 ஜனவரி 30 அன்று கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. ஆயுதங்களுடன் திரண்ட தம் மக்களை அவர் வாசலில் நின்று அமைதிப்படுத்தி அனுப்பினார். அன்று காந்தியடிகள் மறைந்து சரியாக எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 381 நாள்கள் நீடித்த புறக்கணிப்பு, பேருந்துகளில் இன ஒதுக்கல் செல்லாது என்ற நீதிமன்றத் தீர்ப்புடன் 1956 டிசம்பரில் வெற்றி பெற்றது.

குமரிக்கு வந்த பயணி

1959இல் கிங், அவருடைய மனைவி கொரெட்டா, அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய லாரன்ஸ் ரெடிக் ஆகிய மூவரும் இந்தியா வந்தனர். மற்ற நாடுகளுக்குச் சுற்றுலாப் பயணியாகச் செல்லலாம், இந்தியாவுக்கோ புனிதப் பயணியாகவே வந்திருப்பதாகக் கிங் தெரிவித்தார்.

திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் பேசச் சென்றதைப் பின்னர் 1965இல் அட்லாண்டாவில் ஆற்றிய பிரசங்கத்தில் அவர் நினைவுகூர்ந்தார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மிகுதியாகப் படித்த பள்ளி அது. அமெரிக்காவிலிருந்து வந்துள்ள, தங்களைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று தலைமை ஆசிரியர் அவரை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். முதலில் கிங் அதிர்ந்தார். சற்றுச் சினமும் கொண்டார். பிறகு தம் நாட்டில் வறுமையிலும் சேரிகளிலும் வாழும் இரண்டு கோடிக் கறுப்பின மக்களை நினைத்துப் பார்த்தார். ஆம், தாமும் தம் மக்கள் ஒவ்வொருவரும் தீண்டப்படாதவர்களே என்று தமக்குள் ஒப்புக்கொண்டார். ஒரு பள்ளி ஆசிரியர் சொன்ன ஒரு சொல், தம் மக்களின் நிலையை அவருக்குப் புதிதாக விளக்கியது.

திருவனந்தபுரத்திலிருந்து குமரி முனைக்குச் செல்லும் சாலை களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில், சுசீந்திரம் வழியாகச் செல்கிறது. தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்ட ஊர்களும், தெருவில் நடக்கும் உரிமைக்காகத் தொண்டர்கள் நின்ற ஊரும் அச்சாலையை ஒட்டியவையே. குமரிக் கடற்கரையில் காந்தியடிகளின் அஸ்தி வைக்கப்பட்ட இடத்தில் 1956இல் கட்டி முடிக்கப்பட்ட காந்தி மண்டபம் அப்போது இருந்தது. பௌர்ணமிக்கு முந்திய நாள் மாலை அது. மேற்கே கதிரவன் கடலில் மறைந்துகொண்டிருந்தபோது கிழக்கே நிலா எழுந்திருப்பதைக் கிங் தம்பதியர் கண்டனர். ஓர் ஒளி மறையும்போதே மற்றோர் ஒளி எழும் என்று இக்காட்சியைத் தம் சபையாரிடம் கிங் எடுத்துச் சொன்னார்.

இப்பயணத்தில் பிரதமர் நேருவையும் அவர் சந்தித்தார். கல்லூரிச் சேர்க்கையில் ஒடுக்கப்பட்ட மாணவருக்கு முன்னுரிமை தருவது பாகுபாடு ஆகாதா என்று ரெடிக் கேட்டார். அப்படியும் இருக்கலாம், ஆனால் பல நூற்றாண்டுகளாக இழைத்த அநீதிக்கு நாங்கள் செய்யும் பரிகாரம் இது என்ற பொருளில் நேரு விடையளித்தார். இவ்விடையைக் கிங் பின்னர் தம் நூலிலும் எழுதினார்.

நாடு திரும்பிய பின்

1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசையில் அமர்ந்து போராட்டம் தொடங்கினர். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் சுமார் 2,50,000 பேர் திரண்டனர். 1964இல் குடியுரிமைச் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

ஒற்றுமையும் வேறுபாடும்

இரு போராட்டங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. தோள்சீலைப் போராட்டம் அகிம்சை என்ற கோட்பாடு உருவாகும் முன்பே நடந்தது. அதில் கைகலப்புகளும் உண்டு. வைக்கத்தில் நான்காவது சாலை மூடியே இருந்தது. அமெரிக்காவில் எழுதப்பட்ட சட்டத்தை நீதிமன்றம் வழியாக எதிர்க்க முடிந்தது. இங்கே ஆசாரம் என்ற பெயரில் வேரூன்றியிருந்த வழக்கத்தையும் மாற்ற வேண்டியிருந்தது.

எனினும் இரண்டிலும் மக்கள் கேட்டவை எளிய பொருள்களே: தோளில் ஒரு துணி, கோயிலைச் சுற்றி நடக்க ஒரு தெரு, பேருந்தில் ஓர் இருக்கை. அவற்றை மறுத்தவர்கள் அவற்றின் பொருளை நன்கு அறிந்திருந்தனர். கேட்டவர்களும் அறிந்திருந்தனர். இந்தியாவில் அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதற்குத் தனிச் சட்டமும் வந்தது. ஆயினும் சாதிக் கொடுமைகளும் அமெரிக்காவில் இனவெறுப்பும் இன்னும் முற்றிலும் மறையவில்லை. திருவனந்தபுரத்துத் தலைமை ஆசிரியர் சொன்ன அந்தச் சொல் எந்த மாணவருக்கும் பொருந்தாத நாள் வரும்வரை, இவ்வரலாற்றைப் படிக்க வேண்டிய தேவை இருந்துகொண்டே இருக்கும்.