மறியலுக்குப் பதிலாக ஒரு பிணை

குற்றவாளியைத் திருத்தும் நெறிகளை வகுத்தோர் சட்ட நிபுணரும் ஆட்சியாளருமே என்பது பொதுவான எண்ணம். வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது. குற்றஞ் செய்தவனைச் சிறைக்கு அனுப்பாது, சமுதாயத்தின் நடுவிலேயே வைத்துத் திருத்தும் நன்னடத்தை முறைக்கு அமெரிக்காவில் வித்திட்டவர், பொஸ்ரன் நகரிற் சப்பாத்துத் தைத்துப் பிழைத்த யோன் ஒகஸ்ரஸ்.

1841 ஓகஸ்ற் மாதத்தில் ஒருநாள், அந்நகரப் பொலிஸ் நீதிமன்றிற்குக் குடிபோதைக் குற்றஞ் சாட்டப்பட்ட ஏழையொருவன் கந்தலுடையுடன் கொண்டுவரப்பட்டான். இனிக் குடிப்பதில்லை என்று அவன் வாக்களிக்கவே, ஒகஸ்ரஸ் பிணை நின்றார். மூன்று வாரங்களின் பின் திரும்பிவந்த அவனை மன்றிலிருந்தோரால் அடையாளங் காண முடியவில்லை. அவனுக்கு விதிக்கப்பட்ட தண்டம் ஒரு சதமும் வழக்குச் செலவுமே.

அன்று தொடங்கிய பணி ஓயவில்லை. 1858 வரையில் 1,946 பேருக்கு அவர் பிணை நின்றார். பிணைப்பணத்தோடு அவர் கடமை முடிந்துவிடவில்லை. வேலை தேடிக் கொடுத்தார். தங்க இடம் பார்த்தார். அவர்களின் நடத்தைபற்றி மன்றுக்கு அறிவித்தார். சிறைக்குச் செல்லும் ஒவ்வோர் ஆளாலும் கூலி பெற்ற நீதிமன்ற ஊழியர் அவரை வெறுத்தனர். அவருடைய தொழிலும் நலிந்தது. 1859இல் அவர் மறைந்தார். 1878இலேதான் மசச்சூசெற்ஸ் மாநிலம் சம்பளம் பெறும் நன்னடத்தை அலுவலரை நியமிக்கச் சட்டம் இயற்றியது. 1907இல் இங்கிலாந்திலும், 1944இல் இலங்கையிலும் நன்னடத்தைச் சட்டங்கள் பிறந்தன. சிறைத்தண்டனைக்குப் பதிலாகச் சமுதாயச் சேவையை விதிக்க வழிசெய்யும் சட்டமும் 1999இல் இங்கு நிறைவேறியது.

ஆயினும், தண்டப்பணம் செலுத்த வழியின்றி மறியலுக்குப் போவோர் நம் நாட்டில் இன்றும் பெருந்தொகையினர். ஒரே குற்றத்துக்குப் பணமுள்ளவன் காசைக் கட்டிவிட்டு வீடு செல்கின்றான். கூலிக்காரன் கம்பிக்குள் செல்கின்றான். அங்கே தண்டிக்கப்படுவது குற்றமா, வறுமையா? அவன் திரும்பி வரும்போது வேலை போயிருக்கும். குடும்பத்தின் கடன் வளர்ந்திருக்கும். ஊரார் முகந் திருப்புவர். தண்டனைக் காலம் முடிந்தாலும் தண்டனை முடிவதில்லை.

ஒகஸ்ரஸின் வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே: சட்டம் கட்டளையிடலாம், அலுவலர் மேற்பார்வை செய்யலாம், வேலையையும் நம்பிக்கையையும் கொடுக்கவேண்டியது ஊர். மீண்டு வந்தவனுக்குத் தொழில் தேடிக் கொடுப்பதைத் தொழிற்சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தம் பணியாகக் கொள்ளவேண்டும். ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. 'மறியற்காரன் பிள்ளை' என்ற ஏளனச் சொல் வகுப்பறையில் எழும்போது, அப்பிள்ளைக்குப் பிணை நிற்கவேண்டியவர் அவரே.