முதல் மின்கார் வரப்போகிறதா? சாவியை வாங்கும் முன் இவற்றைத் தயார் செய்யுங்கள்

"உங்க கார் ரெடி. அடுத்த வாரம் வந்து எடுத்துக்கலாம்!"

கார் விற்பனையாளரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. சிஓஇ கிடைத்தாகிவிட்டது. கடன் ஏற்பாடு முடிந்தது. எந்த நிறம் என்ற குடும்பச் சண்டைகூட ஓய்ந்துவிட்டது.

ஆனால் ஒரு கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? கார் வந்த முதல் வாரம், அதற்கு எங்கே மின்னூட்டப் போகிறீர்கள்?

பெட்ரோல் கார் வாங்கும்போது இந்தக் கேள்வி எழுவதே இல்லை. போகிற வழியில் ஐந்து நிமிடம் நின்றால் தொட்டி நிரம்பிவிடும். மின்கார் அப்படியல்ல. அது பெரும்பாலும் நிற்கும் நேரத்தில்தான் 'சாப்பிடும்'. அதனால் இரவில் உங்கள் கார் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே உங்கள் அன்றாட வாழ்க்கை அமையும்.

கார் கைக்கு வரும்வரை காத்திருக்கும் நாள்களை வீணாக்காமல் என்னென்ன செய்யலாம்? பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

"தினமும் மின்னூட்டணுமா?" மின்கார் வாங்கியவரிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலோருக்குத் தேவையில்லை.

நீங்கள் நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 350 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 16 கிலோவாட்-மணி மின்சாரம் செலவாகும் காராக இருந்தால், வாரத்துக்குச் சுமார் 56 கிலோவாட்-மணி தேவை.

உங்கள் காரின் மின்கலம் 60 கிலோவாட்-மணி கொள்ளளவு உடையது என்றால், அதை 20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டுக்கு ஏற்ற 36 கிலோவாட்-மணி போதும். 7.4 கிலோவாட் மின்னூட்டியில் அதற்கு 5 மணி நேரம் ஆகும். இடையில் வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்தால் இன்னும் சற்று அதிகம்.

ஆக, வாரத்துக்கு இரண்டு இரவு. அவ்வளவுதான்!

உங்கள் காரின் விவரங்களை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் எத்தனை இரவு மின்னூட்டி தேவை என்பது தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

வீவக வீட்டில் வசிக்கிறீர்களா?

சிங்கப்பூரில் பெரும்பாலோரின் நிலை இதுதான். சொந்த மின்னூட்டி வைத்துக்கொள்ள முடியாது. புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் உள்ள பொது மின்னூட்டிகளைத்தான் அண்டைவீட்டாருடன் பகிர்ந்துகொள்ளவேண்டும்.

2030ஆம் ஆண்டுக்குள் தீவு முழுவதும் 60,000 மின்னூட்ட இடங்களை அமைப்பது அரசாங்கத்தின் இலக்கு. அவற்றில் 40,000 பொதுக் கார் நிறுத்துமிடங்களிலும் 20,000 தனியார் இடங்களிலும் அமையும். எண்ணிக்கை கூடிக்கொண்டே வருகிறது. ஆனால் உங்களுக்கு முக்கியம் தீவின் எண்ணிக்கை அல்ல. உங்கள் புளோக்கில், நீங்கள் வீடு திரும்பும் நேரத்தில், எத்தனை காலியாக இருக்கின்றன என்பதுதான்.

அதைத் தெரிந்துகொள்ள நல்ல வழி, நேரில் போய்ப் பார்ப்பது.

கார் வருவதற்கு முந்திய வாரம், இரவு உணவுக்குப் பிறகு கார் நிறுத்துமிடத்தில் ஒரு நடை போய் வாருங்கள். ஒரு நாள் மட்டும் போதாது. வாரநாளில் இரண்டு முறை, வாரயிறுதியில் ஒரு முறை. இவற்றைக் கவனியுங்கள்:

• மின்னூட்டிகள் எந்தத் தளத்தில் உள்ளன? எத்தனை இருக்கின்றன?

• இரவு 8 மணிக்கு எத்தனை காலி? 11 மணிக்கு எத்தனை?

• எந்த நிறுவனம் நடத்துகிறது? எந்தச் செயலி தேவை?

• மின்னூட்டியிலேயே கம்பி இருக்கிறதா, இல்லை நீங்கள்தான் கொண்டுபோகவேண்டுமா?

• மின்னூட்டியின் வேகம் எத்தனை கிலோவாட்? பல கார்கள் ஒரே நேரத்தில் மின்னூட்டும்போது மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் மின்னூட்டி என்றால், வேகம் குறையலாம்.

பக்கத்து புளோக்கில் உள்ள நிறுத்துமிடத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். "ஐயோ, இன்னைக்கும் இடமில்லையா!" என்று புலம்பும் இரவில் அது கைகொடுக்கும். உங்கள் பருவகால நிறுத்தச் சீட்டு அங்கே செல்லுமா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

கூட்டுரிமை வீடு என்றால்...

நிர்வாக அலுவலகத்திடம் இப்போதே பேசுங்கள். மின்னூட்டி ஏற்கனவே இருந்தால், விதிமுறைகளையும் கட்டணத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இல்லையென்றால்? கார் வந்த பிறகு கோரிக்கை வைத்தால் அடுத்த பொதுக்கூட்டம்வரை காத்திருக்க நேரிடலாம். 2023 டிசம்பர் 8ஆம் தேதி நடப்புக்கு வந்த மின்வாகன மின்னூட்டச் சட்டம், இத்தகைய குடியிருப்புகளில் மின்னூட்டி அமைக்க ஒப்புதல் பெறுவதை முன்பைவிடச் சுலபமாக்கியுள்ளது. என்றாலும் யாராவது ஒருவர் முதலில் கேட்கவேண்டும். உங்களைப்போல் காத்திருக்கும் அண்டைவீட்டார் இருந்தால் சேர்ந்து கேளுங்கள். தனிக் குரலைவிட அது எடுபடும்.

தரை வீடு என்றால்...

உங்களுக்குத்தான் ஆக வசதி. ஆனால் அவசரம் வேண்டாம்.

7.4 கிலோவாட் மின்னூட்டி ஒன்றே சுமார் 32 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். அதே நேரத்தில் நான்கு அறைகளில் ஏர்கான், குளியலறையில் வாட்டர் ஹீட்டர், சமையலறையில் அடுப்பு என எல்லாம் ஓடினால் வீட்டின் மின்னிணைப்பு தாங்குமா? உரிமம் பெற்ற மின்பணியாளரை வரவழைத்து முதலில் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். இணைப்பை மேம்படுத்தவேண்டியிருந்தால் அதற்கும் நாளாகும்.

வாங்கும் மின்னூட்டி நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். அங்கீகாரம் பெறாத மின்னூட்டியைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

வீட்டில் உள்ள சாதாரணப் பிளக்கிலிருந்து நீட்டிப்புக் கம்பி இழுத்து இரவு முழுதும் மின்னூட்டும் எண்ணமும் வேண்டவே வேண்டாம். அரிசி வேகும் நேரத்துக்குச் சூட்டைத் தாங்கும் பிளக், எட்டு மணி நேரம் இடைவிடாமல் தாங்கும் என்று சொல்ல முடியாது.

"இது வெடிக்காதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் சிரித்து மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். மின்கலத்தில் தீப்பிடிப்பது அரிது. ஆனால் பிடித்தால் அணைப்பது சிரமம். அதனால்தான் மின்னூட்டிக்கு இத்தனை விதிமுறைகள்.

செயலியும் கட்டணமும்

முதல்முறை மின்னூட்டியின் முன்னால் நின்றுகொண்டு, பின்னால் இன்னொரு கார் காத்திருக்க, கடன்பற்று அட்டை எண்ணைத் தட்டிக்கொண்டிருப்பது நல்ல அனுபவமாக இருக்காது!

உங்கள் புளோக்கிலும் வேலையிடத்திலும் அடிக்கடி போகும் கடைத்தொகுதியிலும் உள்ள மின்னூட்டிகளின் செயலிகளை முன்னதாகவே பதிவிறக்கம் செய்து, கணக்குத் திறந்து, கட்டண முறையை இணைத்துவிடுங்கள். இரண்டு அல்லது மூன்று செயலிகள் போதும்.

கட்டணம் பயன்படுத்தும் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் கணக்கிடப்படும். வேக மின்னூட்டியில் பொதுவாகக் கூடுதல். மின்னூட்டி முடிந்த பிறகும் காரை எடுக்காமல் விட்டால் தனிக் கட்டணம் விதிக்கும் நிறுவனங்களும் உண்டு. அந்தச் சிறிய எழுத்துகளையும் படித்துவிடுங்கள்.

சிங்கப்பூரில் மெதுவான மின்னூட்டத்துக்கு டைப் 2, வேகமான மின்னூட்டத்துக்கு சிசிஎஸ்2 ஆகிய இணைப்புகள் பொதுத் தரநிலையாக உள்ளன. பழைய கார் வாங்குவோர் இணைப்பு பொருந்துமா என்பதை அவசியம் பார்க்கவேண்டும்.

காப்புறுதி, வரி, உத்தரவாதம்

காப்புறுதி நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மின்கலத்துக்குச் சேதம் ஏற்பட்டால் இழப்பீடு உண்டா? மின்னூட்டும் கம்பி திருடுபோனால்? கார் நடுவழியில் நின்றால், அதை முழுதாக ஏற்றிச்செல்லும் தட்டு லாரி வருமா? பெரும்பாலான மின்கார்களைச் சக்கரம் தரையில் உருள இழுத்துச்செல்லக்கூடாது. மோட்டார் பாழாகலாம்.

சாலை வரி, மோட்டாரின் சக்தியைப் பொறுத்துக் கணக்கிடப்படும். அதனுடன் ஆண்டுக்கு 700 வெள்ளி நிலையான கூடுதல் தொகையும் உண்டு. பெட்ரோல் கார் ஓட்டுவோர் எரிபொருளுடன் சேர்த்துச் செலுத்தும் தீர்வைக்கு ஈடானது அது. மாதச் செலவுக் கணக்கில் இதை மறந்துவிடாதீர்கள்.

பல நிறுவனங்கள் மின்கலத்துக்கு 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. உங்கள் சிஓஇ 10 ஆண்டு. கடைசி 2 ஆண்டில் மின்கலம் பழுதானால் யார் பொறுப்பு? மின்கலத்தின் திறன் எந்த அளவுக்குக் குறைந்தால் மாற்றித் தருவார்கள்? பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாவி வாங்கும் நாள்

படம் எடுக்கலாம், எலுமிச்சம்பழம் வைக்கலாம். அதற்கு முன் அரைமணி நேரம் ஒதுக்கி இவற்றைச் சரிபாருங்கள்:

• காரின் அடிச்சட்ட எண்ணும் ஆவணங்களில் உள்ள எண்ணும் ஒன்றா?

• சாயத்தில் கீறல் உண்டா? கதவுகள் சரியாக மூடுகின்றனவா? வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

• இரண்டு சாவிகளும் மின்னூட்டும் கம்பியும் கொடுத்தார்களா?

• மாற்றுச் சக்கரம் உள்ளதா? பல மின்கார்களில் இருக்காது. அதற்குப் பதிலாக ஓட்டை அடைக்கும் கருவி இருக்கும். அது எங்கே உள்ளது?

• காரின் செயலி உங்கள் பெயரில் பதிவாகியுள்ளதா? காட்சிக்கு வைத்திருந்த கார் என்றால் பழைய கணக்கை நீக்கச் சொல்லுங்கள்.

• மின்னியல் சாலைக் கட்டணக் கருவி வேலை செய்கிறதா? கட்டண முறையை இணைத்துவிட்டீர்களா?

• மின்காரிலும் 12 வோல்ட் சிறிய மின்கலம் ஒன்று உண்டு. அது செயலிழந்தால் கதவுகூடத் திறக்காமல் போகலாம். அந்த நிலையில் காரை எப்படித் திறப்பது என்று செய்துகாட்டச் சொல்லுங்கள்.

• கடைசியாக, அங்கேயே ஒருமுறை நீங்களே கம்பியைச் செருகி, மின்னூட்டி, நிறுத்தி, கழற்றுங்கள். விற்பனையாளர் செய்வதைப் பார்த்தால் போதாது. கம்பி பூட்டிக்கொண்டு வராமல் போனால் எப்படி விடுவிப்பது என்பதையும் கேளுங்கள்.

எத்தனை விழுக்காடு மின்னூட்டத்துடன் காரைத் தருவார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். 80 விழுக்காடு இருந்தால் முதல் சில நாள்களைப் பதற்றமின்றி ஓட்டலாம்.

முதல் வாரம்

மின்காரின் பெடலை மிதித்த உடனே வேகம் எடுக்கும். காலை எடுத்தால் தானாக வேகம் குறையும். பழகும்வரை வளைவும் சரிவும் நிறைந்த பலமாடி நிறுத்துமிடத்தில் நிதானமாகப் போங்கள். சத்தம் குறைவு என்பதால் பிள்ளைகளுக்கும் மூத்தோருக்கும் கார் வருவது தெரியாமல் இருக்கலாம்.

மின்கலத்தை எப்போதும் 100 விழுக்காட்டுக்கு ஏற்றவேண்டுமா? அது மின்கலத்தின் வகையைப் பொறுத்தது. சில வகைகளுக்கு அன்றாடம் 80 விழுக்காடு போதும் என்பார்கள். எல்எஃப்பி வகைக்கு அவ்வப்போது முழுதாக ஏற்றச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. நண்பர் சொன்னார் என்று போகாமல் உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள்.

ஜொகூருக்குப் போகலாமா?

போகலாம். பெட்ரோல் காருக்கு உள்ள முக்கால் தொட்டி விதி பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி மின்காருக்கும் தேவை. அங்குள்ள மின்னூட்டிகளுக்குத் தனிச் செயலிகள் வேண்டியிருக்கும். புறப்படும் முன்பே பதிவு செய்யுங்கள்.

"பாலத்துல இரண்டு மணி நேரம் மாட்டிக்கிட்டா?" நியாயமான பயம்தான். கார் நிற்கும்போது பெரும்பாலும் ஏர்கானுக்குத்தான் மின்சாரம் போகும். மணிக்கு 1 முதல் 2 கிலோவாட்-மணி எனக் கொண்டால், இரண்டு மணி நேரத்தில் இழப்பது சுமார் 12 முதல் 25 கிலோமீட்டர் தூரத்துக்கான மின்சாரம். முன்னிரவே மின்னூட்டி வைத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் முதல் வாரமே பினாங்குவரை கிளம்பவேண்டாம். முதலில் ஜொகூர் பாரு போய் வாருங்கள்.

ஒரு நல்ல பழக்கம்

மின்னூட்டி முடிந்ததும் காரை நகர்த்திவிடுங்கள். நள்ளிரவில் இறங்கிப்போக முடியாது என்றால், மாலையிலேயே மின்னூட்டத் தொடங்கிப் படுக்கும் முன் இடத்தைக் காலி செய்யப் பாருங்கள்.

அதே நிறுத்துமிடத்தில் உங்களுக்குப் பிறகு இன்னும் பலர் மின்கார் வாங்கப்போகிறார்கள். மின்னூட்டிக்கு அருகே அடிக்கடி சந்திப்பவரிடம் ஒரு வார்த்தை பேசி வையுங்கள். "நான் செவ்வாய், சனிக்கிழமை வருவேன். நீங்க?" என்று கேட்டாலே போதும். எந்தச் செயலியும் சொல்லாத தகவல் கிடைத்துவிடும்!